முத்துசாமி மாஸ்டரின் கட்டம் போட்ட துண்டு

பொள்ளாச்சி தங்கவேலுக்குத் தொலைபேசி வீண் என்று நாங்கள் கேலி செய்வது வழக்கம். கொப்பரைக் களத்தில் நின்று அவர் ஆளைக் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று பெருந்துறையில் என் ஆபீஸுக்கு வந்த அழைப்பில் அவர் குரல் அவ்வளவு சன்னமாக இருந்தது. யாருங்க, யாருங்க என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"பொள்ளாச்சியிலிருந்துங்க. மாப்பிள்ளை போயிட்டாருங்க. காத்தால காப்பி குடிச்சுப்போட்டு தலையணைகிட்ட உக்காந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாருங்க."

பெயரைச் சொல்லவில்லை. தலையணை என்றதுமே போனது முத்துசாமி மாஸ்டர் என்று தெரிந்துவிட்டது. "தலையணைகிட்டயா?" என்று நான் கேட்டது காதில் விழுந்த பக்கத்து மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூக்கத்துலயா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க, வேலையில" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. மாற்றலாகி வருமுன் நான் இருந்த சிங்காநல்லூர்த் தெருவில் குடியிருந்தவர்களுக்குப் புரியும்.

முத்துசாமி மாஸ்டரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பள்ளிக்கூட மாஸ்டரும் அல்ல, டீ மாஸ்டரும் அல்ல. பஞ்சாலையில் வைண்டிங் மாஸ்டர். நூல் சுற்றும் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் அந்தப் பிரிவில் ஓர் இழை அறுந்தால் இந்த மூலையிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். கை தானாகப் போய் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பி வரும். வாய் பாட்டுக்கு வேறு யாரையோ திட்டிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு அந்தக் கைகளுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார். அவர் மனைவி சரசக்கா காய் நறுக்க உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்து, அவரைக்காய்ப் பிஞ்சுகளை நீளவாரியாகப் பிரித்து அடுக்குவார். "ஏனுங்க, இது என்ன மில்லுங்களா, நூல் நம்பர் பிரிச்சு வெக்கறதுக்கு?" என்று அக்கா விரட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் உக்கடம் பழைய புத்தகக் கடையில் அவர் கண்ணில் அந்த ஆங்கிலப் புத்தகம் பட்டது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. மடியில் உருண்டையான தலையணை. தலையணை முழுக்கக் குண்டூசிகள். ஊசிகளிலிருந்து தொங்கும் நூல்கள். ஒவ்வொரு நூலின் முனையிலும் அந்த நூலைச் சுற்றிவைத்த, பென்சில் பருமனில் ஒரு மரப் பாபின். ஆயுள் முழுக்கப் பாபின்களோடு வாழ்ந்த மனிதர் அதைக் கடந்து போவாரா? வாங்கிவிட்டார். அது லேஸ் பின்னும் கலையின் வரலாறு. குரோஷா ஊசியில் நம் வீட்டுப் பெண்கள் பின்னும் லேஸ் அல்ல. இது ஊசியே இல்லாமல், பாபின்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டும் முறுக்கியும் காற்றில் நெய்வது. குண்டூசிகள் இழைகளை அந்தந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

"ரெண்டே வேலைதானுங்க ரைட்டர். குறுக்கே போடறது, முறுக்கறது. மிச்சமெல்லாம் பொறுமை" என்பார் என்னிடம். ரைட்டர் என்று அவர் என்னைக் கூப்பிட்டது மரியாதையினாலா, நையாண்டியினாலா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வெளியில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்வேன். அவற்றில் பெரும்பாலானவை தபால்காரரை மட்டுமே சிரிக்க வைத்தன. போன கட்டுரை அதே வேகத்தில் திரும்பி வருவதைப் பார்த்து.

முதல் தலையணையை மாஸ்டர் இலவம் பஞ்சில் செய்தார். குண்டூசி குத்தினால் குடிகாரன் மாதிரி சாய்ந்தது. இரண்டாவதில் ஆலைக் கழிவுப் பஞ்சை இறுக்கி அடைத்தார். அதிலும் ஊசி நிற்கவில்லை. கடைசியில் மர அறுவைக் கடையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து, சரசக்காவின் பழைய பாவாடைத் துணிக்குள் கல் மாதிரி திணித்தார். ஊசி நிமிர்ந்து நின்றது. பாபின்களைக் கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைகிற பையன்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த மிஷின் பார்ட்டுங்?" என்று கேட்டிருக்கிறார்கள். "வெளிநாட்டு மிஷினு. இன்னும் இங்க வல்லே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பாபின் காற்றில் ஆடாமலிருக்க நுனியில் கனம் வேண்டும். சரசக்காவின் அறுந்துபோன பாசிமணிச் சரத்திலிருந்து மணிகள் ஒவ்வொன்றாக அங்கே இடம் மாறின. ஜன்னலோரம் அவர் பின்ன உட்கார்ந்தால் மரமும் மணியும் உரசும் கிலுகிலு சத்தம் தெருவரை வரும்.

ஆனால் யாராவது கேட்டைத் திறந்தால் போதும், சத்தம் நின்றுவிடும். பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்ட துண்டு தயாராக இருக்கும். எடுத்துத் தலையணைமேல் போட்டு மூடிவிட்டு, பேப்பர் படிக்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொள்வார்.

அதற்குக் காரணம் இருந்தது. சரசக்காவின் வீட்டார் தோப்பும் துரவுமாக இருப்பவர்கள். அண்ணன் தங்கவேலு பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். ஆலை மூடிய பிறகு அவர் வரும்போதெல்லாம், "மாப்ளே, சும்மாதான இருக்கறீங்க? நம்ம களத்துக்கு வந்து ஒரு மேற்பார்வை பாத்தா என்னங்?" என்பார். நல்ல மனதோடு கேட்டதுதான். ஆனால் அந்தச் 'சும்மா' மாஸ்டருக்குத் தைத்துவிட்டது. வேலை போன மனிதன், அதுவும் வைண்டிங் மாஸ்டர், வீட்டில் உட்கார்ந்து பொம்பளைகள் மாதிரி லேஸ் பின்னுகிறான் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அதன் பிறகு கல்யாணம் காட்சிக்குத் தலை காட்ட முடியாது என்று பயந்தார். ஒருநாள் துண்டு நழுவிக் கிடந்த நேரத்தில் மச்சான் தங்கவேலு உள்ளே வந்துவிட்டார். ஊசியும் நூலும் தொங்கும் பாபினுமாக அந்த உருண்டையைப் பார்த்து மலைத்து நின்றார்.

"இதென்னங் மாப்ளே?"

"மோட்டார் காயில்ங்க. புது மாதிரி காயில் கட்டறதுக்கு ஒரு மாடல் பண்ணிட்டிருக்கறேன்."

கோயமுத்தூர்க்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய பொய், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர் மட்டுமே நம்பக்கூடிய பொய். தங்கவேலு ஊருக்குப் போய், மாப்பிள்ளை மோட்டார் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறார் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே மதுக்கரையிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தம், "மூணு ஹெச்.பி.க்கு என்ன விலைங்க வரும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

எனக்கு மட்டும் இந்த ரகசியம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுதான் நகைச்சுவை எழுத்தாளனின் மூலதனம். அவரும் என்னை எட்டிப் பார்த்திருக்கிறார். வீட்டிலும் ஆபீஸ் ஃபைலுக்கு அடியில் காகிதம் வைத்துத்தான் எழுதுவேன். யாராவது வந்தால் ஃபைலை மேலே இழுத்துவிடுவேன். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க ஃபைலை இழுத்து மூடறீங்க, நான் துண்டை இழுத்து மூடறேன். ரெண்டு பேரும் அப்படி என்னத்தைங்க திருடிப்போட்டோம்?" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

நானும் பின்னிப் பார்த்தேன். கொத்துப் பரோட்டா மாதிரி ஒன்று வந்தது. மாஸ்டர் அதைப் பத்திரமாகக் கத்தரித்து எடுத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டார். "எதுக்குங்க?" என்றேன். "எப்படிப் பண்ணக்கூடாதுன்னு காட்டறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்க?"

அந்த ஆங்கில வரலாற்றை அவர் வரிக்கு வரி படித்து, தன் பாணியில் தமிழில் எழுதத் தொடங்கியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ராஜாக்களின் கழுத்தைச் சுற்றி வண்டிச் சக்கரம் மாதிரி நின்ற லேஸ் காலர்கள், ஒரே ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளங்களை வைத்து அந்த வெளிச்சத்தில் பின்னிய பெண்கள், நாயின் உடம்பில் லேஸைச் சுற்றி மேலே இன்னொரு தோலைப் போர்த்தி எல்லை கடத்தியதாகச் சொல்லப்படும் கதை, பிறகு மிஷன் வீட்டு அம்மாக்கள் வழியாக நம் தெற்குச் சீமைக்கு அந்தத் தலையணை வந்து சேர்ந்தது, எல்லாம் அதில் இருந்தன. லேஸ் பின்னிய பெண்கள் ஈரம் கசியும் நிலவறைகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் படித்தவர்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்று தாண்டிப் போவார்கள். மாஸ்டர் அங்கே நின்றார். "காய்ஞ்ச காத்துல மெல்லிசு நூல் அறும். அதுக்குத்தான் நம்ம மில்லுல தண்ணியைப் புகையாட்ட தெளிச்சோம். ஆனா எங்களுக்கு ஷிப்ட் முடிஞ்சா வெளிய வெயில் இருந்துச்சு. அந்தப் பொண்ணுங்களுக்கு?" என்று எழுதினார்.

பெண்களுக்கான ஒரு மாத இதழில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் அம்மா ஒருவர் இருந்தார். தெரிந்தவர் என்றால், என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்புகிறவர். அவருக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பேரு மட்டும் சரஸ்வதின்னு போட்டுருங்க." சரசக்கா அடுப்படியிலிருந்து, "என் பேருதானுங்க, தேய்ஞ்சா போயிரும்? போட்டுக்கட்டும்" என்றார்.

தொடர் மாதாமாதம் வந்தது. ஆசிரியர் அம்மா எனக்கு எழுதினார்: லேஸ் அம்மாவைத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள், நீங்களும் முயற்சியைக் கைவிட வேண்டாம். தங்கவேலு பொள்ளாச்சிக் கடைகளில் இருந்த பிரதிகளை எல்லாம் வாங்கினார். மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்களுக்குக்கூட நாய்க்கு லேஸ் சுற்றிய கதையைச் சொல்லி, "என்ற தங்கச்சி எழுதினதுங்க" என்றார். சரசக்காவுக்கு அதில் கொஞ்சம் கூச்சம். கொஞ்சம் சந்தோஷமும்தான், மறைப்பானேன்.

பிறகு ஒருநாள் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. பெண்கள் மன்றத்திலிருந்து இரண்டு அம்மாக்கள் இறங்கினார்கள். சரசக்கா ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "எங்க ஓட்டு உங்களுக்குத்தானுங்க" என்றார். அவர்களோ ஆண்டு விழாவுக்கு அழைக்க வந்தவர்கள். சும்மா பேசினால் போதாது. மேடையில் தலையணை வைத்து எல்லாரும் பார்க்கப் பின்னிக் காட்ட வேண்டும். விழாவுக்குப் பொள்ளாச்சி மச்சானுக்கும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மன்றத்துத் தலைவி வீட்டுக்குத் தேங்காய் போடுகிறவரே அவர்தான்.

அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்சை நான் ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

"நான் உடம்பு சரியில்லைன்னு சொல்லிப் போடறேனுங்க" என்றார் அக்கா.

"அப்புறம் ஊட்டுக்கு வந்து பாப்பாங்க."

"அப்ப நீங்களே வந்து பின்னுங்க."

மாஸ்டர் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி உடுங்க. எனக்குச் சொல்லிக் குடுங்க. பொழுது இருக்குதில்ல" என்றார்.

அந்த நாட்களில் மாலை நேரமெல்லாம் கிலுகிலு சத்தத்தோடு சண்டைச் சத்தமும் கேட்டது. "இழுக்காதீங்க அம்மணி, அறும்." "உட்டாத் தொங்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க." "நடுவுல புடிக்கோணும்." "நடு எதுன்னு வந்து காட்டுங்க." அவர் வந்து அக்காவின் கைமேல் கை வைத்துக் காட்டுவார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்போது ஜன்னலை நானே சாத்திக்கொண்டேன் என்று எழுதினால் என்னைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டீர்கள். சாத்தவில்லை.

விழா நாளன்று மண்டபம் முழுக்கப் பட்டுச் சேலைகள். முன் வரிசையில் தங்கவேலு, ஜவ்வாது மணக்க. மாஸ்டர் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். மேடையில் சரசக்கா, முன்னால் மரத்தூள் தலையணை, பாபின்களுக்கு மேல் ஒரு மைக். அக்கா நன்றாகவே தொடங்கினார். குறுக்கே, முறுக்கு, ஊசி. குறுக்கே, முறுக்கு, ஊசி. மைக் வழியாக அந்தக் கிலுகிலு மண்டபம் முழுக்க நிரம்பியது. மாஸ்டரின் விரல்கள் தொடைமேல் கூடவே ஆடிக்கொண்டிருந்தன. அப்போது யாரோ ஓர் அம்மா எழுந்து, "கொஞ்சம் வேகமாகச் செய்து காட்டுவீங்களா?" என்று கேட்டார். அக்கா அவசரப்பட்டார். ஒரு பாபின் நழுவித் தரையில் உருண்டது. நூல் அறுந்து தலையணையிலிருந்து தொங்கியது.

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. மண்டபம் காத்திருந்தது. நான் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

துணிச்சல் வந்து எழுந்து போனார் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் பக்கத்தில் இருந்தவன்; அது துணிச்சல் இல்லை. தொங்குகிற நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அந்த உடம்புக்குத் தெரியாது. எழுந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. நடு வழியில் நடந்து, மேடையேறி, பாபினை எடுத்து, ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு ஓர் ஊசிக்குப் பின்னால் மறையும்படி இழையைத் திருப்பினார். அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை. இந்தப் பக்கத்துப் பாபின் அந்தப் பக்கம் பாய்ந்தது, அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். மைக்கில் மழை பிடித்த மாதிரி சத்தம். தலையணைமேல் பொருத்திய மாதிரி அட்டையில் புள்ளியாக இருந்த இலை ஒன்று எல்லார் கண் முன்னாலும் நூலில் வளர்ந்து முடிந்தது.

பிறகு நிமிர்ந்தார். அத்தனை முகங்களையும் பார்த்தார். அவர் கை தோளுக்குப் போயிற்று, துண்டைத் தேடி. துண்டு வீட்டில் இருந்தது.

முன் வரிசையில் தங்கவேலு எழுந்தார். அவருக்கு மைக் வேண்டியதில்லை. "மாப்ளே! அப்ப அது மோட்டார் காயில் இல்லீங்களா?"

மண்டபம் சிரித்தது. மாஸ்டரின் முகம் வெளிறியது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து இத்தனை நாள் மூடி வைத்தாரோ, அந்தச் சிரிப்பு வந்தேவிட்டது. சரசக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏனுங்க அண்ணா, சித்த உக்காருங்க. அம்மாமாரே, இதைப் பின்னறதும் அவருதான், எழுதறதும் அவருதான். என்றது பேரு மட்டுந்தானுங்க. இத்தனை நாள் இவரு துண்டுக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தாரு. நானும் உட்டுட்டேன். இனிமே முடியாதுங்க, எனக்குக் கை வலிக்குது."

மறுபடி சிரிப்பு; ஆனால் இது வேறு சிரிப்பு. கைத்தட்டலும் சேர்ந்துகொண்டது. தங்கவேலு உட்காரவில்லை. மேடையருகே வந்து, அந்த இலையைத் தொடாமல் விரலை மேலே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இத்தனை நாளா இதையா மாப்ளே மூடி வெச்சிருந்தீங்க?" என்றார். "நான் உங்களைப் போயி கொப்பரை எண்ணக் கூப்பிட்டனே."

மாஸ்டர் சொன்னது மச்சானுக்கும், அதற்குள் மேடையருகே போய்விட்டிருந்த எனக்கும் மட்டும் கேட்டது. "இன்னும் முடியலைங்க மச்சான். குண்டூசியெல்லாம் புடுங்கினதுக்கப்புறமும் நிக்கோணும். அப்பத்தான் லேஸு."

அதற்குப் பிறகு தொடர் இருவர் பெயரிலும் வந்தது. புத்தகமாகவும் வந்தது. சனிக்கிழமைகளில் மூடிய ஆலையின் பழைய தொழிலாளிகள் சிலரும், மன்றத்து அம்மாக்கள் சிலரும் அந்தக் கூடத்தில் தலையணைகளோடு உட்கார்ந்தார்கள். தங்கவேலு தென்னை மரத்தில் கடைந்த பாபின்களை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். நார் நாராக உரிந்து நூலைக் கடித்தன. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜோடியைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, மச்சான் வரும் நாட்களில் அதை வைத்தே பின்னினார். ஆனாலும் புது ஆள் யாராவது கேட்டைத் திறந்தால் அவர் கை ஒரு கணம் துண்டுக்குப் போகும். பழக்கம் விடவில்லை. சரசக்கா ஒரு பார்வை பார்ப்பார். கை திரும்பி வரும்.

நான் பெருந்துறையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். மாஸ்டரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஜன்னலோரம் தலையணைமேல் கட்டம் போட்ட துண்டு விரித்துக் கிடந்தது. சொந்தக்காரர் யாரோ, ஊசி குத்தாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் மூடியிருக்க வேண்டும். சரசக்கா அழுது முடித்த முகத்தோடு அதைப் பார்த்தார். எழுந்து கூட்டத்தைத் தாண்டிப் போய், துண்டை எடுத்தார். பாதியில் நின்ற லேஸ், தொங்கும் பாபின்கள், பாசிமணிகள், எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன.

"மூட வேண்டாங்க. வர்றவங்க பாக்கட்டும்."

தங்கவேலு அந்தத் தலையணை பக்கத்திலேயே நின்றுகொண்டார். வந்தவர்களிடமெல்லாம் அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது: "மாப்பிள்ளை பண்ணினதுங்க."

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அக்கா அந்தத் துண்டைத் துவைத்து மடித்து என் கையில் கொடுத்தார். "இதுக்கு இனி இந்த ஊட்டுல வேலை இல்லீங்க. நீங்க எடுத்துட்டுப் போங்க." உள்ளே திரும்பி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கேட்டைச் சாத்தும்போது பின்னால் கிலுகிலு என்று, மெதுவாக, நின்று நின்று சத்தம் கேட்டது.

அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தத் துண்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி காப்பியோடு வந்து, "என்ன எழுதறீங்க?" என்று எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது என்னவோ உண்மை. ஜோக் எழுதுகிறவனுக்கு அது மானக்கேடு. கை வழக்கம்போல் ஃபைலைத் தேடிற்று. பக்கத்தில் துண்டுதான் இருந்தது. எடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டு, அவள் உட்கார்ந்து படிக்கக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.